துரு இறங்கிய இடங்கள்

பழைய இரும்புக்கடைக்காரருக்கு இடது மணிக்கட்டில் துருப் பிடித்தது ஒரு செவ்வாய்க்கிழமை. அன்று தெருக்குழாயில் தண்ணீர் வந்தது காலை ஆறரைக்கு, நின்றது ஏழு பத்துக்கு. குளித்துவிட்டுக் கையைத் துடைத்தபோது துண்டில் செம்பழுப்பாக ஏதோ ஒட்டியது. நாள் முழுக்க இரும்போடு புழங்குகிற ஆள், எங்காவது பட்டிருக்கும் என்று சோப்புப் போட்டுத் தேய்த்தார். போகவில்லை. பாத்திரம் தேய்க்கும் கம்பி நாரை எடுத்துத் தேய்த்தார். பொருக்குப் பொருக்காக உதிர்ந்து, அடியில் இன்னொரு அடுக்குத் தெரிந்தது. டாக்டரிடம் போனார். டாக்டர் இரும்பு அலமாரியில் சீட்டு ஒட்டி வைத்திருந்த சின்னக் காந்தத்தை எடுத்து மணிக்கட்டில் வைத்துப் பார்த்தார். டப்பென்று பிடித்துக்கொண்டது. இது தோல் வியாதி இல்லை, ஈரம் படாமல் பார்த்துக்கொள்ளுங்கள், ஒரு நல்ல பெயிண்டரைப் பாருங்கள் என்று சொல்லி அனுப்பினார். பெயிண்டர் உப்புத்தாள் போட்டுத் தேய்த்து, ரெட் ஆக்சைடு ஒரு கோட் அடித்து, இரண்டு நாள் காயவிடச் சொன்னார். இதெல்லாம் தெருமுனைப் படிப்பகத்தின் நாட்குறிப்பில் தேதியோடு இருக்கிறது. அதற்கு முந்தின நாள், கடைக்காரரின் தங்கை கணவரான தையல்காரர் தன் பிக்கப் வண்டியின் இடது முன் மட்கார்டைச் சுரண்டி முடித்தார் என்பதும் அதே பக்கத்தில்தான் இருக்கிறது. இரண்டு வரியையும் சேர்த்துப் படிக்க அப்போது யாருக்கும் தோன்றவில்லை.

வண்டி வந்த கதையை முதலில் சொல்லிவிட வேண்டும். தையல்காரரைத் தெருவில் எல்லோரும் மாஸ்டர் என்றுதான் கூப்பிடுவார்கள். இருபது வருடமாக ஒரே அறை, இரண்டு மெஷின், ஒரு வெட்டு மேசை, ஆள் உயரக் கண்ணாடி, கழுத்தில் எந்நேரமும் தொங்கும் இன்ச் டேப். அவர் வெட்டுவார்; மனைவி ஓரம் அடிப்பாள், காஜா எடுப்பாள். அவள் இடது கைக்காரி. கையால் அவள் போடும் தையல் மற்ற எல்லோருடைய தையலுக்கும் எதிர்ப்பக்கமாகச் சாய்ந்து நிற்கும். நூறு பேர் தைத்ததில் கலந்து வைத்தாலும் அவர் எடுத்துக் காட்டிவிடுவார். தெருவின் இரண்டு முனையிலும் ரெடிமேட் கடைகள் வந்த பிறகு புதுத்துணி கொண்டு வருகிறவர்கள் குறைந்து, கிழிந்ததைக் கொண்டு வருகிறவர்கள் கூடினார்கள். அந்தச் சமயத்தில், ஒரு பகல் முழுக்க ரயிலில் போக வேண்டிய தூரத்தில் இருந்த துணித் தொழிற்சாலை ஒன்று அவரைக் கட்டிங் மாஸ்டராக வரச் சொல்லிக் கடிதம் போட்டது. அவர் யாரையும் கேட்காமல் சரி என்று பதில் எழுதினார். வாழ்க்கையில் அவர் யாரையும் கேட்காமல் செய்த முதல் காரியம் அது. புறப்பட ஐந்து நாள் இருந்தபோது கெட்டியான கேன்வாஸ் வாங்கித் தனக்குப் பயணப் பை தைத்தார். அதே அறையில், அதே மதியம், மனைவி மிச்சத் துணியை மடியில் போட்டுக்கொண்டு கோணி ஊசியால் என்னவோ தைத்துக்கொண்டிருந்தாள். என்ன அது என்று கேட்டார். உங்கள் பிளாஸ்க்குக்கு உறை என்றாள். பிளாஸ்க்குக்கு இது பெரிதாயிற்றே என்றார். கேன்வாஸ்தானே, துவைத்தால் சுருங்கிவிடும் என்றாள். அது உண்மை, கேன்வாஸ் சுருங்கும். அவர் தன் பைக்குத் திரும்பினார்.

அதற்கு மூன்றாம் நாள் மச்சான், அந்த இரும்புக்கடைக்காரர், வந்து உட்கார்ந்தார். கடையின் பின்பக்கம் ஒரு பழைய பிக்கப் கிடக்கிறது, எடைக்குப் போட மனசு வரவில்லை என்று பேச்சைத் தொடங்கினார். "எதுக்கு மாப்பிள்ளை இந்த வயசுல இன்னொருத்தன் கம்பெனிக்குப் போய்க் கைகட்டி நிக்கணும்? இந்த வண்டியைச் சரி பண்ணி, பின்னாடி மெஷினைத் தூக்கி வைங்க. பள்ளிக்கூடம், ஆஸ்பத்திரி, மில்லுன்னு நீங்களே போய் யூனிஃபார்முக்கு அளவு எடுங்க. கடைக்கு ஆள் வரலைன்னா கடையை ஆள்கிட்ட ஓட்டிக்கிட்டுப் போங்க." இந்தப் பேச்சு தையல்காரருக்குப் பிடித்துப்போயிற்று. சொந்தமாக ஒரு வண்டி, அதில் தன் மெஷின், யாருக்கும் பதில் சொல்ல வேண்டாத ஒரு வேலை. ஒரு மாதம் பொறுங்கள் என்று தொழிற்சாலைக்கு எழுதினார். சும்மா வாங்கிக்கொள்ளக் கூச்சப்பட்டு, வண்டிக்குப் பதிலாக மச்சானுக்கு ஒரு கோட் தைத்துக் கொடுத்தார். மாதம் முடிந்ததும் தொழிற்சாலை வேறொருவரை எடுத்துக்கொண்டது. அந்த ஆள் இன்றைக்கும் ஆறு மாதத்துக்கு ஒருமுறை பெண்டாட்டி பிள்ளைகளைப் பார்க்க வந்து போய்க்கொண்டுதான் இருக்கிறார். தையல்காரருக்கு அதற்குப் பிறகு அந்த வண்டி ஒன்றுதான் கதி என்றாகிவிட்டது. அது ஓடினால் அவர் மறுபடி மாஸ்டர். ஓடாவிட்டால் கிழிந்த கால்சட்டைகளுக்கு ஒட்டுப் போட்டே கண் போய்விடும்.

வண்டியை மாட்டு வண்டியில் வைத்துத்தான் கொண்டு வந்தார்கள். கதவில் விரலை வைத்து அழுத்தினால் விரல் உள்ளே போயிற்று. பின்பக்கத் தட்டில் ஒரு செடி முளைத்துப் பூ விட்டிருந்தது. இருக்கை இல்லை, இருந்த இடத்தில் ஒரு பூனை மூன்று குட்டி போட்டிருந்தது, அவை பெரிதாகிற வரை வேலை தொடங்கவில்லை. தையல்காரருக்கு ஸ்பானரில் எத்தனை அளவு உண்டு என்பதே தெரியாது. மச்சான் ஒரு பழைய கையேடு கொடுத்தார். அதில் சேசிஸ், அதாவது வண்டியின் முழு எடையையும் தாங்குகிற அடிச்சட்டம், அதைப் பற்றிய அத்தியாயம் மட்டும் இல்லை. எலி கடித்துவிட்டது என்றார். எலி ஸ்கேல் வைத்துக் கிழித்தது போல நேராகக் கடித்திருந்தது. தையல்காரர் அதையும் ஒன்றும் நினைக்கவில்லை.

அவர் வண்டியைத் துணியாகத்தான் பார்த்தார். முதலில் டேப் வைத்து முழுக்க அளவெடுத்து அளவு நோட்டில் எழுதினார்: தோள், இடுப்பு, நீளம் என்றே எழுதியிருக்கிறார். கழற்றிய ஒவ்வொரு பாகத்திலும் ஒரு துணிச்சீட்டு தைத்துக் கட்டினார், வயருக்கு வயர் ஒரு நிற நூல். நட்டும் போல்ட்டும் பொத்தான் டப்பாக்களுக்குள் போயின. சட்டை கொடுக்க வந்த ஒருவருக்கு அவசரத்தில் இரண்டு வாஷர் வைத்துத் தைத்துக் கொடுத்ததாகவும் பேச்சு உண்டு. பிடித்துப்போன போல்ட்டுகளுக்கு மண்ணெண்ணெய் ஊற்றி ஊற வைப்பதற்குப் பதில் பலத்தைக் காட்டி ஏழு போல்ட்டை முறித்தார். ஆயில் கசியாமல் அடைக்கிற கேஸ்கட்டைக் கேன்வாஸில் வெட்டிப் போட்டு, ஆயில் ஊற்றெடுத்து ஓடுவதைப் பார்த்துக்கொண்டு நின்றார். எஞ்சின் தலையின் போல்ட்டுகளை ஓரம் அடிப்பது போல ஒரு முனையிலிருந்து வரிசையாக முறுக்கி, அது கோணிப்போய், பிறகு நடுவிலிருந்து குறுக்கும் மறுக்குமாக முறுக்க வேண்டும் என்று கற்றுக்கொண்டார். ஆனால் பெரிய தப்பு வேறு. மெக்கானிக் என்றால் முதல் நாளே வண்டிக்கு அடியில் போய்ப் படுத்திருப்பான். தையல்காரரோ, கோட்டுக்கு லைனிங் கடைசியில்தானே என்று, வெளியே கண்ணுக்குத் தெரிவதிலிருந்து ஆரம்பித்தார். அடிப்பக்கம் கடைசியில் பார்த்துக்கொள்ளலாம் என்று விட்டார்.

தெரு அவருக்குத் துணையாக இருந்தது. எதிரே இருந்த டீக்கடைக்காரர் தினமும் காலையும் மாலையும் டீ கொண்டு வந்து கொடுத்து, நல்லா வருது மாஸ்டர், இன்னும் கொஞ்சம்தான் என்று சொல்லிவிட்டுப் போவார். மூன்று வருடத்தில் இந்த வார்த்தைகளை அவர் மாற்றவே இல்லை. எலக்ட்ரீஷியன் கேட்காமலே வந்து வயரிங் செய்து கொடுத்தார். நான்கு வயர் இடம் மாறி இருந்தது. நூல் நிறத்தை வைத்துத் தையல்காரர் அதைக் கண்டுபிடித்தார். பாவம், வேலை மும்முரத்தில் தவறிவிட்டார், சொன்னால் சங்கடப்படுவார் என்று யாருக்கும் தெரியாமல் தானே மாற்றிப் போட்டுக்கொண்டார். மனைவி சாயங்காலம் விளக்கைப் போட்டதும் வாசலுக்கு வந்து, இன்னைக்கு எப்படி இருக்கு உங்க வண்டி என்று கேட்பாள். அவர் ஒவ்வொன்றாகச் சொல்லுவார். அவள் நின்று கடைசி வரை கேட்டுவிட்டுத்தான் உள்ளே போவாள். நாள் முழுக்கக் கையில் பட்ட அடியெல்லாம் அந்தக் கால்மணி நேரத்தில் அவருக்கு ஆறிவிடும்.

மச்சானின் மணிக்கட்டுக்குப் பிறகு துரு நிற்கவில்லை. பானட்டைச் சுரண்டிய வாரம் டீக்கடைக்காரரின் முதுகில் இறங்கியது. பின் தட்டைச் சுரண்டியபோது எலக்ட்ரீஷியனின் இரண்டு முழங்காலும் கரகரத்தன. மச்சானுக்குத் தோள் வரை ஏறி, அதை மறைக்க அந்தக் கோட்டை வெயிலிலும் போட்டுக்கொண்டு திரிந்தார். தெருவில் அவருக்கு ரெட் ஆக்சைடு என்று பெயர் விழுந்தது. அவர் கடையில் இரும்பு தூக்குகிற காந்தக் கிரேன் ஒன்று உண்டு. ஒருநாள் அது அவரைத் தவறுதலாக நாலடி உயரம் தூக்கி, ஒரு பழைய நீராவி உருளைக்குப் பக்கத்தில் பத்திரமாக இறக்கி வைத்தது. அதன் பிறகு கிரேன் ஓடும்போது அவர் வீட்டில் இருந்துவிடுவார். இந்த விஷயத்தில் உண்மையைக் கண்டுபிடித்தவர் தையல்காரர்தான். அளவெடுக்க வந்தவர்கள் சட்டையைக் கழற்றுவார்கள், டேப் போகாத இடம் ஏது. மட்கார்டில் சுரண்டியது ஒன்பது அங்குலம், மச்சான் கையில் முதலில் இருந்தது ஒன்பது. பானட்டில் பதினான்கு, டீக்கடைக்காரர் முதுகிலும் பதினான்கு. வண்டி அளவையும் ஆள் அளவையும் ஒரே நோட்டில் எழுதுகிறவருக்கு இது தெரியாமல் போகுமா? தான் சுரண்டுகிற துரு தனக்கு உதவி செய்கிற மனிதர்கள் மேல்தான் போய் இறங்குகிறது என்று அவருக்குப் புரிந்தது.

இரண்டு நாள் அவருக்குச் சாப்பாடு இறங்கவில்லை. பிறகு ஒவ்வொருவர் வீட்டுக்கும் போய் மன்னிப்புக் கேட்டார். டீக்கடைக்காரர் முதுகில் உரசாதபடி உள்ளே பருத்தி வைத்து ஒரு பனியன் தைத்துக் கொடுத்தார். எலக்ட்ரீஷியனுக்கு முழங்கால் பக்கம் தளர விட்டு இரண்டு கால்சட்டை. மச்சானின் கோட்டுக்குப் புது லைனிங். வேலையை நிறுத்திவிடட்டுமா என்றும் கேட்டார். அவர்கள் ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டார்கள். பரவாயில்லை மாஸ்டர், மெதுவா செய்யுங்க, என்ன அவசரம் என்றார்கள். பனியனையும் கால்சட்டையையும் வாங்கிக்கொண்டார்கள். இதைச் சொல்லும்போதுதான் எனக்கு வயிறு எரிகிறது. அவர்கள் செய்ததில் மற்றது எதையும் விட, அவர் கேட்ட மன்னிப்பை முகம் மாறாமல் வாங்கி வைத்துக்கொண்டார்களே, அது பெரிய பாவம்.

இரண்டாம் வருடக் கடைசியில் எஞ்சின் ஓடியது. தெருவே கை தட்டியது. மச்சான் மட்டும் கை தட்ட மறந்து நின்றார், பிறகு நினைவு வந்து தட்டினார்; டங் டங் என்று கேட்டது. மூன்றாம் வருடம் மழை முடிந்தபோது வண்டி கரும்பச்சை வர்ணத்தில் நின்றது. இனி லைனிங்தான் பாக்கி என்று தையல்காரர் அட்டைப் பெட்டியைப் பிரித்து விரித்து, முதல் முறையாக வண்டிக்கு அடியில் முழு உடம்போடு படுத்தார். சேசிஸ் முழுக்கத் தார் பூசியிருந்தது. கம்பி பிரஷ் வைத்துத் தேய்த்துக்கொண்டே வந்தவருக்கு, கேபினுக்குப் பின்னால் வலது சட்டத்தில் பிரஷ் மெத்தென்று அமுங்கியது. இரும்பு அமுங்காது. தையல் பிரிக்கிற பிளேடால் கீறினார். தாருக்குள் கேன்வாஸ் இருந்தது, அவர் பயணப் பை தைத்த அதே கேன்வாஸ். அதை உரித்தால் உள்ளே சட்டம் இரண்டாகத் துண்டுபட்டு, விரல் போகிற இடைவெளியில் பழைய காகிதமும் சந்து அடைக்கிற பட்டியும் திணித்திருந்தது. பாரம் ஏற்றி முதல் மேட்டில் ஏறியிருந்தால் வண்டி நடுவில் மடிந்து உட்கார்ந்திருக்கும். கேன்வாஸின் ஓரத்தில் கோணி ஊசியால் போட்ட தையல் எல்லாம் எதிர்ப்பக்கமாகச் சாய்ந்திருந்தது. அவர் வெளியே வரவில்லை. டீக்கடைக்காரர் வைத்துவிட்டுப் போன டீ ஆறி, ஆடை படிந்து, அதில் எறும்பு வந்த பிறகுதான் வெளியே வந்தார்.

மனைவி ஒரு பள்ளிச் சீருடைக்குக் காஜா எடுத்துக்கொண்டிருந்தாள். அவர் அந்தத் துணியை மெஷின் மேல் வைத்தார்.

"இது உன் தையல்."

அவள் பார்த்தாள். "ஆமா."

"இதுதான் பிளாஸ்க் உறையா?"

அவள் ஊசியைக் குத்தி வைத்துவிட்டு எல்லாவற்றையும் சொன்னாள். ஓரத்தை இங்கே அடித்துக்கொண்டு, அண்ணன் கடைக்குப் போய், வண்டிக்கு அடியில் படுத்து, மூட்டும் தையலைப் போட்டது அவள்தான். அவருக்கு முன்னால் அந்த வண்டிக்கு அடியில் படுத்த ஆள் அவள். அவர் போகக் கூடாது என்று அண்ணனிடம் போய் அழுதிருக்கிறாள். இந்த ஜென்மத்தில் ஓடாத வண்டி ஒன்று இருக்கிறது, அதைக் கொடுத்தால் ஆள் இடத்தை விட்டு நகரமாட்டார் என்று அண்ணன் சொல்லியிருக்கிறார். அப்போது பக்கத்தில் டீ கொடுத்துக்கொண்டிருந்தவர் அதைக் காதில் வாங்கினார், கடையில் வயர் வாங்க வந்தவர் கேட்டார், சாயங்காலத்துக்குள் தெரு கேட்டது.

"எங்கப்பா இப்படித்தான் வேலைன்னு போனாரு. எனக்கு எட்டு வயசு. ரெண்டு கடிதாசி வந்துச்சு, அவ்வளவுதான்," என்றாள். "உங்ககிட்ட சொன்னா போகாம இருந்திருப்பீங்களா?"

அவர் போயிருப்பார்.

"எஞ்சின் ஓடுச்சே. நீயும்தானே கை தட்டினே. நான் அப்படியே ஏறி ஓட்டிட்டுப் போயிருந்தா?"

"அன்னைக்குப் பூரா எனக்குச் சோறு இறங்கல."

"நான் போகாம போனது கூடப் பெரிசில்ல," என்றார் அவர். குரல் ஏறவில்லை. "மூணு வருஷம். தினமும் வாசல்ல வந்து நின்னு எப்படி இருக்கு வண்டின்னு கேட்டியே. அது எதுக்கு?"

அவள் ரவிக்கையின் இடது கையைச் சுருட்டினாள். முழங்கையைச் சுற்றித் துரு, கருஞ்சிவப்பாக, பழையதாக. வண்டியின் ஓட்டுநர் கதவை அவர் சுரண்டிய முதல் வாரமே வந்துவிட்டது; மச்சானுக்கும் முன்னால். மூன்று வருடமாக அவள் கை நீளம் வைத்துத் தனக்கு ரவிக்கை தைத்துக்கொண்டிருந்தாள். ஊருக்கெல்லாம் அளவெடுத்தவர் அதைக் கவனிக்கவில்லை. சுருட்டிய கையை அவள் மடக்கியபோது கதவு திறக்கிற மாதிரி கிறீச்சென்றது.

மறுநாளிலிருந்து தையல்காரர் சுரண்டியது வேறு சுரண்டல். இது வரை தெரியாமல் செய்தார், இப்போது தெரிந்து செய்தார். இன்னும் துரு இருந்த இடங்களையெல்லாம் தேடி எடுத்தார்: அச்சு, ஸ்பிரிங் பட்டைகள், பிரேக் டிரம்மின் உள்பக்கம், பெட்ரோல் டாங்கின் முதுகு. டீக்கடைக்காரருக்குத் தாடை இறுகி, நல்லா வருது மாஸ்டர் என்று இனி சொல்ல முடியாமல் போயிற்று. எலக்ட்ரீஷியன் படியில் ஏறும் சத்தம் இரண்டு தெரு தாண்டிக் கேட்டது. அதுவரை ஒன்றும் வராதவர்களுக்கும் வந்தது. தபால்காரரின் கட்டை விரல், அறையை வாடகைக்கு விட்ட வீட்டுக்காரரின் முன் பல் இரண்டு. தெரியாது தெரியாது என்று சொல்லிக்கொண்டிருந்தவர்கள் பெயிண்டர் வாசலில் வரிசையில் நின்றபோது, யாருக்கெல்லாம் தெரியும் என்று தெருவுக்கே தெரிந்துபோயிற்று. இந்த நாட்குறிப்பை எழுதுகிறவனுக்கும் வலது காதின் நுனியில் ஒரு பொட்டு அளவு துரு உண்டு. அன்றைக்குப் படிப்பகத்தில் உட்கார்ந்து எல்லாவற்றையும் கேட்டுவிட்டு, நமக்கென்ன என்று இருந்துவிட்டேன். மூன்று வருடம் அவர் வாசலைத் தாண்டித்தான் போய்வந்தேன். குளிர் நாளில் அந்தக் காது வலிக்கும்.

மச்சான் ஒரு நல்ல சேசிஸ் துண்டைத் தலையில் சுமந்துகொண்டு வந்து வாசலில் நின்றார். வெல்டிங் செலவும் தன்னுடையது என்றார். மாப்பிள்ளை என்று கூப்பிட்டார். தையல்காரர் நிமிர்ந்து பார்க்காமல், பழுது பார்க்க வந்து மேசை மேல் கிடந்த மச்சானின் கோட்டை எடுத்துக் கொடுத்தார். புது லைனிங்கிலும் துருக் கறை ஊறியிருந்தது. அதற்கு மேல் அவர்களுக்குள் பேச்சு இல்லை. சேசிஸைத் தையல்காரர் தனக்குத் தெரிந்த வழியில் சரி செய்தார். கிழிசலுக்கு உள்ளும் புறமும் துணி கொடுத்து ஒட்டுப் போடுவது போல, உடைந்த சட்டத்துக்கு இரண்டு பக்கமும் கெட்டி இரும்புத் தகடு கொடுத்தார். டேப் வைத்துச் சோப்புக்கட்டியால் கோடு போட்டு, ஒன்றரை அங்குலத்துக்கு ஒன்றாக ஓட்டை போட்டு, முப்பத்திரண்டு போல்ட் முறுக்கினார். இரண்டு மாதம் ஆயிற்று. அந்த இரண்டு மாதமும் மனைவி சாயங்காலம் வாசலுக்கு வந்து நிற்பாள். எப்படி இருக்கு என்று கேட்கமாட்டாள். அவரும் சொல்லமாட்டார். பக்கத்தில் நின்று ஸ்பானர் கொடுப்பாள், வாங்கிக்கொள்வார்.

வண்டிகளுக்குத் தகுதிச் சான்று தருகிற அதிகாரி குறை கண்டுபிடிக்காமல் கையெழுத்துப் போட்டதில்லை. அவர் அடியில் படுத்து உள்ளே போனார். போல்ட் வரிசையில் விரலை ஓட்டிப் பார்த்தபடி, இதை யார் போட்டது என்று கேட்டார். நான்தான், தையல்காரன் என்றார் இவர். அதிகாரி வெளியே வந்து தூசியைத் தட்டி, கையெழுத்துப் போட்டுவிட்டு, தன் சீருடைக் கால்சட்டை இரண்டு கணுக்காலில் இரண்டு உயரத்தில் நிற்பதைக் காட்டினார். தையல்காரர் அங்கேயே மண்டியிட்டு அளவெடுத்துக்கொண்டார். வண்டியின் முதல் வேலை அதுதான்.

புறப்பட்ட காலையில் மெஷினைப் பின்னால் ஏற்றிக் கயிறு போட்டார். மூன்று வருடமாக ஆணியில் தொங்கிய கேன்வாஸ் பையை எடுத்துத் தோளில் போட்டார். எப்போது வருவேன் என்று சொல்லவில்லை. மனைவியும் கேட்கவில்லை, கேட்கும் உரிமையைத் தொலைத்துவிட்டோம் என்று நினைத்தாளோ என்னவோ; கண்ணாடிக்குப் பக்கத்தில் நின்று பார்த்துக்கொண்டிருந்தாள். தெரு முழுக்க வாசலில் நின்றது. திரும்பி வரமாட்டார் என்றுதான் எல்லோரும் நினைத்தோம், வரக் கூடாது என்று கூடச் சிலர் நினைத்தோம். ஒன்பது நாள் அவள் மெஷினில் உட்கார்ந்தாள், ஒரு தையலும் போடவில்லை. பத்தாம் நாள் மதியம் வண்டி வந்து நின்றது. ஒரு ஆஸ்பத்திரிக்கும் இரண்டு பள்ளிக்கூடத்துக்கும் அளவு எடுத்திருந்தார். துணிக்கட்டை இறக்கி வைத்துவிட்டு, காஜாவுக்கு என்று அவள் பங்கைப் பிரித்து அவள் மேசையில் வைத்தார். அன்றிலிருந்து மாதத்தில் பத்து நாள் போவார், வருவார். அவள் பயந்தது நடக்கவில்லை. அது நடக்காது என்று கண்டுபிடிக்க மூன்று வருடமும் ஒரு கேன்வாஸ் துண்டும் தேவைப்பட்டிருக்கிறது என்பதைத்தான் அவரால் விழுங்க முடியவில்லை.

வண்டியில் ஓரிடத்தில் மட்டும் துரு அப்படியே இருக்கிறது. ஓட்டுநர் கால் வைக்கிற தகட்டில், உள்ளங்கை அளவு. சேசிஸ் வேலை முடிந்த அன்று அதைச் சுரண்டப் போனவர், சுரண்டியைக் கீழே வைத்துவிட்டார். மனைவிக்கு முழங்கையிலிருந்து தோளுக்கும், தோளிலிருந்து கழுத்துக்கும் ஏறியிருந்தது. அடுத்து முகம் என்று அவருக்குத் தெரியும். புறப்பட்ட காலையில் பையை எடுத்த அதே ஆணியில், கண்ணாடிக்குப் பக்கத்தில், சுரண்டியைக் கொண்டு வந்து மாட்டினார். இதை மன்னிப்பு என்று தெருவில் சிலர் சொல்கிறார்கள். எனக்கு அப்படித் தெரியவில்லை. மன்னித்தவர் சுரண்டியை ஏன் கண்ணில் படுகிற இடத்தில் மாட்ட வேண்டும்? தகட்டில் இருக்கிற துரு மற்றத் துருவைப் போலத்தான், வருடத்துக்கு ஒரு நூல் அளவு வளர்கிறது. தலை வார நிற்கும்போது அவள் முதலில் ஆணியைப் பார்ப்பாள், பிறகு தன் முகத்தைப் பார்ப்பாள், பிறகு வாருவாள்.

மழைக்காலம் தொடங்கும் முதல் ஞாயிற்றுக்கிழமை காலை தையல்காரர் மூக்கு நீண்ட எண்ணெய்க் குப்பியை எடுப்பார். முதலில் இரண்டு மெஷின்கள், பிறகு வண்டிக் கதவுகளின் கீல்கள். அது முடிந்ததும் மனைவி ஸ்டூலை இழுத்துப் போட்டுக்கொண்டு ரவிக்கையின் கையைச் சுருட்டிவிட்டு உட்காருவாள். வருடம் தவறாமல் ஒரே கேள்வியைக் கேட்பாள்.

"கோபம் போயிடுச்சா?"

"கையை நீட்டு," என்பார்.

அவள் நீட்டுவாள். மூன்று சொட்டு விட்டால் போதும், அடுத்த மழைக்காலம் வரை சத்தம் வராது.